நின்றுபோன வாகனம், நிற்காத பிரயாணம்



வீட்டை இழந்தவனுக்கு ஆறுதல் சொல்ல நாம் அறிவோம். வேலையை இழந்தவனுக்காக ஜெபிக்கவும் அறிவோம். ஆனால் தான் மிகவும் விரும்பிச் செய்துவந்த ஒரு பொழுதுபோக்கைச் சரீர பெலவீனத்தினிமித்தம் விட்டுவிட்ட மனிதனிடம் என்ன பேசுவது என்று நமக்குத் தெரிவதில்லை. "இதற்கெல்லாமா மனம் சோர்ந்துபோவது?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவனும் வெட்கப்பட்டு, தன் துக்கத்தை ஒருவரிடமும் சொல்லாமல் அடக்கிக்கொள்கிறான்.

நான் அப்படிப்பட்ட ஒருவன். ஏறத்தாழ இருபத்துமூன்று ஆண்டுகள் மோட்டார் சைக்கிளில் மலைச்சாலைகளைச் சுற்றினவன். இரண்டு முதுகுக் காயங்கள் அந்தப் பிரயாணங்களுக்கு முடிவுகட்டிவிட்டன. சென்னையிலும் பெங்களூரிலும் கொச்சியிலும் பிழைப்புக்காகக் குடியேறி, விடுமுறை வந்தவுடன் இரு சக்கர வாகனத்தில் சொந்த ஊருக்குக் கிளம்புகிற நம்முடைய வாலிபர்களையும், நாள்தோறும் பத்து மணி நேரம் வண்டியிலேயே உட்கார்ந்து குடும்பத்தைப் போஷிக்கிற சகோதரர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

எல்லைச் சாலைகள் தந்த இன்பம்

பாலக்காட்டையும் இடுக்கியையும் வரைபடத்தில் பாருங்கள். இரண்டும் கேரள மாவட்டங்களே. ஆயினும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையில் திருச்சூர், எர்ணாகுளம் மாவட்டங்களின் மலைக்காடுகள் கிடக்கின்றன. ஆகவே பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் வாழ்கிற தமிழர் இடுக்கியின் தமிழரைப் பார்க்கப் போகவேண்டுமானால், தமிழ்நாட்டிற்குள் இறங்கி, மறுபடியும் கேரளத்திற்குள் ஏறுகிற வழியே எளிதானது. 1956-ஆம் ஆண்டு மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது இப்பகுதிகள் கேரளத்தோடு சேர்ந்தன. உறவும் பேச்சும் மட்டும் இரு பக்கமும் பாய்ந்துகொண்டே இருக்கின்றன.

போதகர்களுக்குத் திங்கட்கிழமைதான் ஓய்வு நாள். ஞாயிறு ஆராதனை முடிந்து, தொண்டை கம்மி, மனம் களைத்திருக்கிற அந்த நாளில் அதிகாலையிலேயே கிளம்பிவிடுவேன். கொழிஞ்சாம்பாறையைத் தாண்டி, கோபாலபுரம் சோதனைச் சாவடி வழியாகப் பொள்ளாச்சி, அங்கிருந்து உடுமலைப்பேட்டை. பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது கிலோமீட்டருக்கும் அதிகமான அகலமுள்ள திறப்பு. ஆடி மாதத்தில் அதன் வழியாகப் புகுந்து வருகிற காற்று வண்டியோடு ஆளையும் சேர்த்துத் தள்ளும். உடுமலையைச் சுற்றிலும் காற்றாலைகள் சுழல்வது அந்தக் காற்றினாலேதான்.

உடுமலையிலிருந்து மூணாறு ஏறத்தாழ 85 கிலோமீட்டர். ஒன்பதாறு சோதனைச் சாவடி கடந்தால் ஆனைமலைப் புலிகள் காப்பகம், அதன்பின் சின்னாறு. மேற்கே மழை கொட்டும்போதும் சின்னாறு காய்ந்திருக்கும். அது மழை மறைவுப் பிரதேசம். முள்மரங்களும் கள்ளியும் நிற்கிற அந்த வெயில் காட்டிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் மறையூரின் சந்தனக்காட்டை அடைந்துவிடலாம். சாலையோரம் வேலியிட்டுக் காக்கப்படுகிற சந்தன மரங்கள், பாறையின்மேல் நிற்கிற பெருங்கற்கால முனியறைகள், கரும்பு ஆலையிலிருந்து எழும்புகிற வெல்லப்பாகின் மணம். அதற்குமேல் தேயிலை, குளிர், மூடுபனி. இடது பக்கமோ வலது பக்கமோ ஏதோ ஒரு வளைவில் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியின் தோள் தெரியும்.

சில திங்கட்கிழமைகளில் மூணாற்றோடு நிற்கமாட்டேன். பெரியகானல், பூப்பாறை வழியாக ஏலத்தோட்டங்களுக்கிடையே போடிமெட்டு சென்று, பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிப் போடிநாயக்கனூர் சேருவேன். எதிரே, தேனி மாவட்டத்திலிருந்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறி வரும்.

என்னுடைய வாகனம் பழைய புல்லட். 1998-இல் ஒருவரிடமிருந்து வாங்கினேன். வார்ப்பிரும்பு இயந்திரம், கியர் வலது காலில், பிரேக் இடது காலில். சாவியைத் திருப்பியவுடன் கிளம்பாது. ஆம்பியர் முள்ளை நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, அதன்பின் கிக்கரை முழு எடையோடு உதைக்கவேண்டும். அந்தச் சத்தம் என் பிள்ளைகளுக்குத் தெரியும். என் மனைவிக்கு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலேயே தெரியும். ஊழியத்திற்கு வீடு வீடாகப் போவதற்கு ஒரு சிறிய ஸ்கூட்டரே போதுமாயிருந்தது. புல்லட் ஊழியத்திற்காக வாங்கப்பட்டதல்ல. அது சந்தோஷத்திற்காக வாங்கப்பட்டது. இதைச் சொல்லுவதில் எனக்குத் தயக்கமில்லை.

சரீரத்தில் நேரிட்டது

முதல் காயம் 2009-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் ஏற்பட்டது. பூப்பாறைக்கு அருகே, எதிரே வந்த வாகனத்திற்கு வழிவிட ஒதுங்கியபோது, மழையில் ஊறியிருந்த மண்விளிம்பு சரிந்தது. வண்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக விழுந்தோம். உட்கார்ந்த நிலையிலேயே கல்லின்மேல் மோதினேன். இடுப்புப் பகுதியின் முதலாவது முள்ளெலும்பு முன்பக்கம் நசுங்கி, ஆப்பு வடிவமாகிவிட்டது. தண்டுவடம் தப்பியது. ஆறு மாதத்தில் தேறி, மறுபடியும் வண்டியேறினேன்.

இரண்டாவது காயத்திற்கு விழுகைகூடத் தேவைப்படவில்லை. 2021-இல் மறையூருக்கும் மூணாற்றுக்கும் இடையே ஒரு பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கி ஏறியது. இடுப்பிலிருந்து இடது குதிகால்வரைக்கும் மின்சாரம் பாய்ந்ததுபோல் ஒரு வலி இறங்கிற்று. வீடுவந்து சேர்ந்தேன், மறுநாள் காலை செருப்புப் போடக் குனிய முடியவில்லை.

என்ன நடந்தது என்பதை மருத்துவர் ஒரு மாதிரி எலும்பை மேசையின்மேல் வைத்து விளக்கினார். நமது முதுகில் அசையக்கூடிய முள்ளெலும்புகள் 24. அவற்றின் நடுவே 23 வட்டுகள் உள்ளன; டிஸ்க் என்று நாம் சொல்லுகிறோமே, அவைதான். ஒவ்வொரு வட்டுக்கும் வெளியே உறுதியான நார் வளையம், உள்ளே கூழ் போன்ற பொருள். வயது ஏற ஏறக் கூழின் நீர்ப்பசை குறைகிறது. வளையத்தில் கீறல் விழுகிறது. வட்டின் உட்பகுதிக்கு நேரான இரத்த ஓட்டம் இல்லாதபடியால் அது மெதுவாகவே ஆறும். கூழ் பின்புறமாகப் பிதுங்கி நரம்பின் வேரைத் தொட்டால், வலி இடுப்பில் நில்லாமல் காலுக்கு இறங்கும். அதைத்தான் சயாடிக்கா என்கிறார்கள். நம்முடைய பாட்டிமார் அதை வாதம் என்றார்கள். வட்டுப் பிதுக்கமே இவ்வலிக்குக் காரணம் என்று பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்னும் இரு அறுவை மருத்துவர்கள் 1934-இல் தெளிவாக எடுத்துக்காட்டினார்கள்.

என்னுடைய பிதுக்கம் கடைசி வட்டில் இருந்தது. அங்கே அழுந்துகிற நரம்பு, பாதத்தைக் கீழ்நோக்கி மிதிக்கிற தசைகளுக்குப் போகிற நரம்பு. "இடது காலின் நுனிவிரல்களில் மட்டும் எழும்பி நில்லுங்கள்" என்றார் மருத்துவர். என்னால் முடியவில்லை. வலது காலில் எளிதாக முடிந்தது. அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. வலி பெருமளவு நீங்கியது. ஆனால் காலின் பெலன் முழுவதும் திரும்பவில்லை.

அதன்பின் நான் கேட்ட கேள்வியை நீங்களும் அறிவீர்கள். "டாக்டர், மலைக்கு ஓட்டலாமா?" அவர் கோபப்படவில்லை; கணக்காகச் சொன்னார். உட்கார்ந்திருக்கிற மனிதனின் நடுவுடல், விநாடிக்கு நான்கு முதல் ஆறு முறை வரையிலான செங்குத்து அதிர்வை மற்றெல்லாவற்றையும்விட அதிகமாக வாங்கிக்கொள்கிறது. கரடான சாலையின் குலுக்கல் ஏறத்தாழ அந்த வேகத்திலேயே வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-ஆம் ஆண்டிலேயே வாகனங்களில் வேலை செய்கிறவர்களின் சரீரம் தாங்கத்தக்க அதிர்வுக்குச் சட்டப்படி ஒரு வரம்பை வகுத்திருக்கிறது. என் முதுகில் முன்னமே நசுங்கிய ஓர் எலும்பும், கீழே அறுக்கப்பட்ட ஒரு வட்டும் உண்டு. "அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. உங்கள் வண்டியில் பிரேக் எந்தக் காலில்?" என்று கேட்டார்.

இடது காலில். பெலனற்ற அதே காலில். பதினேழு வளைவுகள் இறங்குகிற சாலையில், எதிரே பெண்களை ஏற்றிவருகிற ஜீப்பின் முன்னால், அந்தக் காலை நம்பவேண்டும். அதற்குமேல் நான் கேட்க ஒன்றுமில்லை.

நீங்கள் அறிந்திருக்கவேண்டியவை

வாசகரே, என்னுடைய கதை எல்லாருடைய கதையும் அல்ல. இடுப்பு வலி வந்தவுடன் வண்டியை விற்றுவிடவேண்டும் என்று எண்ணிவிடாதேயுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2020-இல் உலகத்தில் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்தது; 2050-க்குள் அது 84.3 கோடியாகும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்கு ஆபத்தான காரணம் ஒன்றும் இருப்பதில்லை.

ஸ்கேன் அறிக்கையைப் பார்த்து நடுங்கவேண்டாம். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதாவது ஒரு வட்டாவது புடைத்திருந்தது. அறிக்கையில் காண்கிற ஒவ்வொரு சொல்லும் உங்கள் வலிக்குக் காரணமாயிராது. அறிக்கை, வலி, மருத்துவரின் நேரடிப் பரிசோதனை ஆகிய மூன்றும் ஒத்துப்போகவேண்டும்.

படுக்கையிலேயே கிடக்கவேண்டாம். 1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர் 186 பேரிடம் செய்த ஆய்வில், திடீர் இடுப்பு வலி வந்தவர்களுள், தங்களால் இயன்ற அளவு அன்றாட வேலைகளைத் தொடர்ந்தவர்களே, படுத்திருந்தவர்களைவிட விரைவில் தேறினார்கள். பதினைந்து நாள் பலகையில் படுக்கச் சொன்ன காலம் போய்விட்டது.

வட்டுப் பிதுக்கத்திற்கெல்லாம் உடனே அறுவை சிகிச்சை தேவையில்லை. 2007-இல் நெதர்லாந்தில் கடுமையான சயாடிக்கா உடைய 283 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சீக்கிரமே அறுவை சிகிச்சை செய்தார்கள். மற்றவர்களைக் காத்திருந்து கவனித்தார்கள். அறுவை சிகிச்சை பெற்றவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது உண்மை. எனினும் ஓராண்டின் முடிவில் இரு பிரிவிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் சிலருக்குப் பின்னர் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது, பெரும்பாலோருக்குத் தேவைப்படவில்லை. என்னைப்போல் காலின் பெலன் குறைந்துகொண்டே போகிறவர்களின் நிலை வேறு.

வீட்டுக்கு வீடு ஆணியில் தொங்குகிற இடுப்பு பெல்ட்டைக் குறித்தும் ஒரு வார்த்தை. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், உடற்பயிற்சியும், தன் வலியைக் குறித்த சரியான அறிவும் பரிந்துரைக்கப்பட்டிருக்கின்றன. பெல்ட்டும், இழுவை சிகிச்சையும் வழக்கமாகக் கொடுக்கத்தக்கவையாகப் பரிந்துரைக்கப்படவில்லை. எலும்பு முறிந்தவர்களுக்கு மருத்துவர் கொடுப்பது வேறு. நம்முடைய பகுதியில் எண்ணெய் தேய்த்து உழிகிறவர்கள் உண்டு. இறுகிய தசைக்கு அது இதமாயிருக்கலாம். ஆனால் கால் மரத்தோ பெலன் குறைந்தோ இருக்கும்போது, முதுகைத் திருகி நெட்டி எடுக்க ஒருவருக்கும் இடங்கொடாதேயுங்கள்.

சில அடையாளங்கள் கண்டால் மறுநாள்வரை காத்திருக்கக்கூடாது. சிறுநீர் பிரியாமலோ அடக்க முடியாமலோ போகுதல், மலத்தை அடக்க இயலாமை, வண்டியின் இருக்கையில் படுகிற இடமெல்லாம் மரத்துப்போகுதல், இரண்டு கால்களும் தளர்ந்துகொண்டே போகுதல்: இவற்றில் ஒன்று தோன்றினாலும் அந்த இரவே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலோடு வருகிற முதுகு வலியையும், காரணமின்றி எடை குறைகிறபோது வருகிற முதுகு வலியையும் தாமதமின்றி மருத்துவரிடம் காட்டவேண்டும்.

வண்டி ஓட்டியே பிழைக்கிற சகோதரரே, உங்களுக்குச் சில எளிய காரியங்கள். சுமையை முதுகில் தொங்கவிடாமல் வண்டியின் கேரியரில் கட்டுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இறங்கி இரண்டு நிமிடம் நடங்கள். வேகத்தடையில் வேகத்தைக் குறைத்து, எடையைச் சற்றே பாதங்களின்மேல் மாற்றுங்கள். பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸோடு உட்காராதேயுங்கள். தேய்ந்துபோன ஷாக் அப்சார்பரை மாற்றுகிற செலவு, மருத்துவமனைச் செலவைவிடச் சிறியது.

"போதகருக்கே ஏன் சுகமாகவில்லை?"

இந்தக் கேள்வி என் காதில் விழாமல் இருக்கவில்லை. வியாதியஸ்தர்மேல் கைகளை வைத்து ஜெபிக்கிற சபை நம்முடையது. அப்படிப்பட்ட சபையின் போதகர், ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு சகோதரி, என் விசுவாசம் குறைந்துவிட்டதோ என்று கவலைப்பட்டாள். ஒரு மூப்பர், உலக இன்பத்தைவிட்டுப் பிரிக்கவே இப்படி நேரிட்டது என்றார். இருவரும் என்னை நேசிக்கிறவர்களே.

வேதாகமக் கல்லூரியில் நான் படித்த நாட்களில், அப்போஸ்தலரோடு இருந்தவர்களில் சுகமடையாதவர்களைக் குறித்து எங்கள் ஆசிரியர் ஒரு வகுப்பு முழுவதும் பேசினார். பவுலின் மாம்சத்தில் இருந்த முள் நீங்கவில்லை. தீமோத்தேயுவுக்கு அடிக்கடி பெலவீனங்கள் இருந்தன. துரோப்பீமு மிலேத்துவில் வியாதியோடு விடப்பட்டான். இவர்களில் ஒருவனையும் விசுவாசமற்றவன் என்று வேதம் குற்றப்படுத்தவில்லை. நான் ஜெபித்த வியாதியஸ்தரில் சிலர் எழுந்து நடந்ததை என் கண்கள் கண்டிருக்கின்றன. சிலரை நான் அடக்கம்பண்ணியும் இருக்கிறேன். இரண்டையும் மறைக்காமல் சொல்லுகிறவனையே துன்பப்படுகிறவர்கள் நம்புவார்கள். என் முதுகுக்காக இன்றும் ஜெபிக்கிறேன். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளையும் இன்றும் செய்கிறேன்.

இந்தக் காயத்திற்குப் பிறகு வியாதியஸ்தரின் வீட்டில் நான் பேசுகிற நேரம் குறைந்திருக்கிறது; கேட்கிற நேரம் கூடியிருக்கிறது. தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து, சுமை சுமந்து, இடுப்பொடிந்த நம்முடைய தாய்மார் "குறுக்கு வலிக்குது ஐயா" என்று சொல்லும்போது, அவர்கள் எந்த இடத்தைக் காட்டுகிறார்கள் என்று இப்போது விரலுக்குத் தெரிகிறது. நான் சந்தோஷத்திற்காக மலையேறி அடைந்த வலியை, அவர்கள் கூலிக்காக மலையேறி அடைந்தார்கள். பொழுதுபோக்கு முடிந்துபோயிற்று என்று நான் துக்கிக்கிறேன். வலியோடு மறுநாளும் வேலைக்குப் போகவேண்டியவர்களுக்குத் துக்கிக்கவும் நேரமில்லை. இது என் துக்கத்தை அற்பமாக்கவில்லை. அதன் அளவை எனக்குக் காண்பித்தது.

துக்கத்துக்கு இடங்கொடுங்கள்

ஒரு வருடம் அந்த வண்டி வீட்டு முகப்பில் மூடியபடி நின்றது. வாரத்துக்கு ஒருமுறை என் மகன் அதைக் கிளப்பிப் பத்து நிமிடம் ஓடவிடுவான். நான் உள்ளறையில் இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்பேன். என் மனைவி அதைக் கவனித்தாள். ஒருநாள், "இதை விற்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சத்தம் கேட்கிற நாளில் நீங்கள் சரியாகச் சாப்பிடுகிறதில்லை" என்றாள்.

விற்பதற்கு எனக்குப் பிரியமான ஒருவனைத் தேர்ந்துகொள்ளக் கிடைத்தது பாக்கியமே. சித்தூர்ப் பக்கத்து வாலிபன். பழைய இயந்திரங்களைப் பழுதுபார்க்கத் தெரிந்தவன். படிவம் 29-இலும் 30-இலும் கையெழுத்திட்டு, ஆர்.சி. புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். ஆம்பியர் முள்ளைக் குறித்து நான் சொல்லத் தொடங்கினபோது, "தெரியும் அங்கிள்" என்றான். ஒரே உதையில் கிளப்பினான். அவன் போனபின் நான் அழுதேன். ஐம்பது வயதைக் கடந்த போதகன் இரும்பு வாகனத்துக்காக அழலாமா என்று கேட்பீர்களானால், அழலாம் என்றே சொல்லுகிறேன். இருபத்துமூன்று ஆண்டுத் திங்கட்கிழமைகள் அதனோடு போயின.

வாசகரே, உங்கள் வீட்டிலும் இப்படி ஏதோ ஒன்று நின்றுபோயிருக்கலாம். முழங்கால் போனதால் கால்பந்தை விட்டவர், கைநடுக்கத்தால் வயலினை மூடிவைத்தவர், கண்மங்கியதால் தையலை நிறுத்தின தாயார். "போனால் போகட்டும்" என்று அவர்களை அவசரப்படுத்தாதேயுங்கள். அது அவர்களுக்கு என்னவாயிருந்தது என்று கேளுங்கள். பொருளை விற்பதா வைத்திருப்பதா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும்.

பாதை மாறினவர்கள்

கொச்சியை அடுத்த செறாயில் 1925-இல் பிறந்த மேரி வர்கீஸ், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற இளம் மருத்துவர். 1954-இல் நடந்த வாகன விபத்தில் அவருடைய முதுகுத்தண்டு சிதைந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போயிற்று. நின்று செய்கிற அறுவை சிகிச்சை இனி முடியாது. ஆனால் குஷ்டரோகத்தால் மடங்கிப்போன கைகளை நிமிர்த்துகிற அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று கண்டார். சக்கர நாற்காலியிலிருந்தே அதைச் செய்தார். பின்பு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உண்டாயிற்று. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராயிருந்தபோது 1975 ஜனவரியில் கடற்படை அதிகாரித் தேர்வுக்கான பயிற்சியில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இன்று அது மாற்றுத்திறனாளிகளுக்கான பெரிய நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. 2020-இல் அவருக்கும் பத்மஸ்ரீ அளிக்கப்பட்டது.

மோட்டார் சைக்கிளை நேசிக்கிறவர்களுக்கு வேன் ரெய்னியின் பெயர் தெரிந்திருக்கும். அமெரிக்கரான அவர் 1990, 1991, 1992 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் 500 சி.சி. உலகப் பட்டம் வென்றார். 1993 செப்டம்பரில் இத்தாலியின் மிசானோ பந்தயத்தில் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்து, மார்புக்குக் கீழே செயலிழந்தார். அடுத்த ஆண்டே சக்கர நாற்காலியில் வந்து ஒரு பந்தய அணியை நடத்தினார். பின்னர் அமெரிக்காவின் தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத் தொடரை நடத்துகிற பொறுப்பை ஏற்றார். 2022-இல், இங்கிலாந்தின் குட்வுட் விழாவில், கைகளாலேயே இயக்கும்படி மாற்றப்பட்ட தன் பழைய வாகனத்தில் அவர் மறுபடியும் மெதுவாக ஓட்டிக் காண்பித்தார்.

இவர்கள் அனைவரையும்போல் நாம் பெரிய காரியங்களைச் செய்யவேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. அப்படிச் சொன்னால் படுக்கையில் இருக்கிறவருக்கு அது இன்னொரு பாரமாகும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தாங்கள் நேசித்ததில் எது இன்னும் மிஞ்சியிருக்கிறது என்று அவர்கள் தேடினார்கள். மேரி வர்கீசுக்கு கைகள் மிஞ்சியிருந்தன. ரெய்னிக்குப் பந்தயத்தைக் குறித்த அறிவு மிஞ்சியிருந்தது.

மிஞ்சியிருந்தது

நானும் அப்படியே தேடிப்பார்த்தேன். மோட்டார் சைக்கிளில் நான் நேசித்தது எது? வேகம் அல்ல, அந்த வண்டி வேகமாய்ப் போகிறதும் அல்ல. சாலை, காற்று, தனிமை, வழியில் சந்திக்கிற மனிதர்: இந்த நான்கும்தான். இவற்றுக்கு இரண்டு சக்கரங்கள் கட்டாயமில்லை.

இப்போது திங்கட்கிழமைகளில் உடுமலையிலிருந்து மூணாறு போகிற பேருந்தில் ஏறுகிறேன். பின்சக்கரத்தின் மேலுள்ள இருக்கை குலுக்கும். ஆகையால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஜன்னலோரம் உட்காருகிறேன். மறையூரில் இறங்கி, இரண்டு மணி நேரம் நடக்கிறேன். வண்டியில் போனபோது முனியறைகளைத் தூரத்திலிருந்தே பார்த்திருக்கிறேன்; நடந்துபோய் அருகில் நின்றது முதுகு போனபிறகே. முதலில் பத்து நிமிட நடையில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினேன். பேருந்தில் என் பக்கத்தில் ஓர் ஆள் உட்காருகிறார். தலைக்கவசத்திற்குள் இருபத்துமூன்று ஆண்டுகள் இருந்தவனுக்கு அது புதிய அனுபவம்.

நம்முடைய வாலிபர் ஓட்டுவதைக் கண்டால் எனக்குப் பொறாமையில்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. பாலக்காடு மாவட்டத்து ஷொர்ணூரைச் சேர்ந்த ஹாரித் நோவா, 2024-இல் சவூதி அரேபியப் பாலைவனத்தில் நடந்த டக்கார் பந்தயத்தில் ராலி 2 பிரிவில் முதலிடம் பெற்றார் என்று வாசித்தபோது, மகிழ்ச்சியும் ஒரு சிறு குத்தலும் சேர்ந்தே வந்தன. குத்தல் வருகிறது, போகிறது. இப்போது சீக்கிரமாகவே போய்விடுகிறது.

மூணாற்றுக்கு ஒருகாலத்தில் இரயில் இருந்தது என்பது உங்களில் அநேகருக்குத் தெரிந்திருக்காது. குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியாக மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் தேயிலையைச் சுமந்த அந்தச் சிறு இரயில் பாதையை 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அடித்துக்கொண்டுபோயிற்று. மலையாள ஆண்டு 1099-இல் நேரிட்டபடியால் இன்றும் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்கிறார்கள். ஆலுவாயிலிருந்து மலையேறி வந்த பழைய சாலையும் அந்த வெள்ளத்தில் அழிந்தது. இரயில் திரும்பி வரவேயில்லை. பழைய சாலையையும் அதே இடத்தில் அவர்கள் கட்டவில்லை. நேரியமங்கலம் வழியாக வேறொரு பாதையை வெட்டினார்கள்; 1935-இல் பெரியாற்றின்மேல் பாலம் எழும்பிற்று. இன்றைக்கும் மூணாறு போகிறவர்கள் அந்த வழியாகவே போகிறார்கள்.

உங்களுக்கு நேரிட்டது எதுவாயிருந்தாலும், நீங்கள் இழந்த பாதையைப் பெயர் சொல்லி இழப்பு என்று அழையுங்கள். வேண்டிய நாட்கள் துக்கியுங்கள். நல்ல மருத்துவரின் ஆலோசனையைக் கேளுங்கள். பயிற்சியை ஒருநாளும் தவறவிடாதேயுங்கள். அதன்பின் ஒரு தாளை எடுத்து, நீங்கள் நேசித்ததில் இன்னும் மிஞ்சியிருப்பது என்ன என்று எழுதிப் பாருங்கள். உங்கள் வீட்டில் அப்படியொருவர் இருந்தால், இந்த வாரமே அவர் அருகில் உட்கார்ந்து, அந்தப் பழைய நாட்களைக் குறித்துக் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை ஆலோசனை ஒன்றும் சொல்லாமல் கேளுங்கள்.